கோல் காவலரும் அவருக்கு முன்னால் நிற்கும் பத்துப் பேரும்

கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வயதில் மூத்த காற்பந்து ரசிகர் ஒருவரிடம், நாட்டின் தலைசிறந்த கோல் காவலர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் ஆறுமுகம் என்ற பெயர் வந்துவிடும். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். 1970களிலும் 80களிலும் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் கம்பத்தைக் காத்தவர். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. 2016இல் திரைக்கு வந்த ‘ஓலா போலா’ படத்தில் வரும் முத்து என்ற கோல் காவலர் பாத்திரம் அவரை மனத்தில் வைத்து உருவானதுதான்.

அதே ரசிகரிடம் அடுத்த கேள்வியைப் போடுங்கள்: ஆறுமுகத்துக்கு முன்னால் தற்காப்பு ஆட்டக்காரர்கள் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நிற்காமல் இருந்திருந்தால்? இங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும். தற்காப்பு அரண் பலமாக இருந்ததால் அவர் பெரிய ஆளாகத் தெரிந்தார் என்பார் ஒருவர். பின்னால் அவர் இருந்த தைரியத்தில்தான் அந்த இருவரும் அப்படி ஆடினார்கள் என்பார் இன்னொருவர். இந்த வாதத்தைத் தீர்த்துவைக்க விளையாட்டு ஆய்வாளர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் நல்ல கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். அவை எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

அமெரிக்காவிலும் இதே தலைவலி உண்டு. அங்குள்ள காற்பந்தில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் குவார்ட்டர்பேக். அவரைச் சுற்றி ஐந்து பருத்த ஆட்கள் மதில்போல நின்று எதிரிகளைத் தடுப்பார்கள். ஓடிப் பிடிக்க வேகமான ஆட்கள் இருப்பார்கள். கல்லூரி அணியில் ஒரு குவார்ட்டர்பேக் பிரமாதமாக எறிந்தால் அது அவர் திறமையா, மதில் தந்த அவகாசமா என்று தொழில்முறை அணிகளின் தேர்வாளர்கள் மண்டையைக் குடைந்துகொள்வார்கள். கணிப்பு தவறுவதும் சகஜம். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாம் பிரேடியை 2000ஆம் ஆண்டுத் தேர்வில் 198 பேரை எடுத்த பிறகே ஓர் அணி எடுத்தது. அவர் பின்னாளில் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார்.

நம் காற்பந்தில் அந்த இடத்தில் இருப்பவர் கோல் காவலர். வெளிப்பார்வைக்கு அவர் வேலை தனி ஆள் வேலை. ஆனால் அவர் கைக்கு வரும் ஒவ்வொரு பந்தும் முன்னால் நிற்கும் பத்துப் பேரைத் தாண்டித்தான் வருகிறது.

தற்காப்பு ஆட்டக்காரர் தரும் நேரம்

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். அந்தத் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்படும் பந்து கோட்டைத் தொட எடுக்கும் நேரம் சுமார் 0.4 விநாடி. பந்து கிளம்பியதைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி போய்விடும். பாய்வதற்கு மிச்சம் இருப்பது இன்னொரு 0.2 விநாடிதான்.

இப்போது ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் குறுக்கே நின்று, அடிப்பவரை 20 மீட்டர் தூரத்திலேயே உதைக்க வைக்கிறார் என்று வையுங்கள். அதே வேகத்தில் வரும் பந்துக்கு 0.7 விநாடி ஆகும். பாய்வதற்குக் கிடைக்கும் நேரம் 0.2இலிருந்து 0.5 விநாடியாகக் கூடுகிறது, இரண்டரை மடங்கு. கோல் காவலர் அதே ஆள்தான், அவருடைய கையும் காலும் அதேதான். ஆனால் முதல் பந்து வலைக்குள் போயிருக்கும். இரண்டாவதைப் பிடித்து மார்போடு அணைத்திருப்பார்.

கோணத்திலும் இதே கதை. நேர் எதிரே 11 மீட்டரில் நிற்பவருக்குக் கோல் கிட்டத்தட்ட 37 பாகை அகலத்தில் தெரியும். அவரைப் பக்கவாட்டில் 10 மீட்டர் ஒதுக்கிவிட்டால் அது 21 பாகையாகச் சுருங்கும். நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் எப்போதும் பந்தைப் பறித்தே ஆக வேண்டும் என்பதில்லை. எதிரியைக் கோடி ஓரத்துக்குத் தள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அந்த ஓரத்திலிருந்து வரும் பந்தை கோல் காவலர் தட்டிவிடும்போது கைதட்டல் அவருக்குப் போகும்.

மீதிப் பாதி கோல் காவலரின் வேலை. தனியாக ஓடி வருபவர் 11 மீட்டரில் இருக்கும்போது காவலர் கோட்டிலேயே நின்றால் 7.32 மீட்டர் அகலத்தைக் காக்க வேண்டும். மூன்று மீட்டர் முன்னால் வந்தால் காக்க வேண்டிய அகலம் 5.3 மீட்டர். ஐந்து மீட்டர் வந்தால் 4 மீட்டர். அதற்கும் மேலே ஏறிப் போனால் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எப்போது ஏறுவது, எங்கே நிற்பது என்ற இந்தக் கணக்கைக் காலால் போடத் தெரிந்தவரே தேர்ந்த காவலர். இடம் சரியாக இருந்தால் பாய வேண்டிய தேவையே குறையும். பறந்து பறந்து பிடிப்பவரைவிட, நின்ற இடத்திலேயே பந்தை வாங்குபவர் பல நேரம் மேலானவராக இருப்பதன் காரணம் இதுதான்.

கோலை எண்ணாதே, பந்தை எடை போடு

ஒரு கோல் காவலரை அளக்கப் பழைய வழிகள் இரண்டு. எத்தனை கோல் விட்டார் என்று எண்ணுவது ஒன்று. கோலை நோக்கி வந்தவற்றில் எத்தனை சதவீதத்தைத் தடுத்தார் என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டுமே ஏமாற்றும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கோபால் என்பவர் ஒரு பருவத்தில் கோலை நோக்கி வந்த 60 பந்துகளைச் சந்தித்து 10 கோல் விடுகிறார். மணி என்பவர் 150 பந்துகளைச் சந்தித்து 30 கோல் விடுகிறார். கோல் கணக்கில் கோபால் எங்கோ மேலே நிற்கிறார். தடுத்த சதவீதத்திலும் அவர்தான் முன்னால்: அவருக்கு 83, மணிக்கு 80. எந்தத் தேர்வாளரும் கோபாலைத்தான் எடுப்பார்.

இங்கேதான் புதிய கருவி நுழைகிறது. ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவுகளை வைத்து, ஒவ்வொரு உதைக்கும் அது கோலாகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். தூரம், கோணம், காலா தலையா, பக்கத்தில் எதிரி நின்றாரா என்பதெல்லாம் இதில் சேரும். இதை எதிர்பார்ப்பு கோல் என்கிறார்கள். 2010களில் இந்த அளவை பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பெனால்டி என்றால் வாய்ப்பு 75 முதல் 80 சதவீதம். அதாவது ஒரு பெனால்டியின் மதிப்பு முக்கால் கோலுக்குச் சற்று மேல். முப்பது மீட்டரிலிருந்து அடித்தால் மதிப்பு மிக மிகக் குறைவு. கோல் காவலருக்காக இதில் இன்னொரு படியும் உண்டு: பந்து கோலின் எந்த மூலையை நோக்கிப் போனது என்பதையும் சேர்த்து, சராசரிக் காவலர் ஒருவர் இந்தப் பந்துகளுக்கு எத்தனை கோல் விட்டிருப்பார் என்று கூட்டுவார்கள்.

கோபாலிடம் வந்த 60 பந்துகளையும் இப்படி எடை போட்டால் மொத்தம் 9 கோல் மதிப்பு என்று வையுங்கள். அவர் விட்டது 10. சராசரிக் காவலரைவிட ஒரு கோல் அதிகம். மணியிடம் வந்த 150 பந்துகளின் மதிப்பு 36 கோல். அவர் விட்டது 30. தன் அணிக்கு ஆறு கோல் மிச்சப்படுத்தியிருக்கிறார். கோபாலின் புகழ் அவருடைய தற்காப்பு அணி சம்பாதித்துக் கொடுத்தது. மணியின் திறமை ஓட்டை அரணுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. பலவீனமான அணி எதிரியைத் தூரத்திலிருந்தே கண்டபடி அடிக்க விடும். அந்த எளிய பந்துகளைப் பிடித்தே காவலர் தன் சதவீதத்தை ஏற்றிக்கொள்வார். பலமான அணியோ 80 நிமிடம் எதிரியின் பாதியிலேயே ஆடும். காவலருக்கு வேலையே இராது. பிறகு ஒரே எதிர்த்தாக்குதல், தனியாக ஓடி வரும் ஒருவர், ஒரே பந்து. அதை விட்டால் அன்றைய அவரது சதவீதம் பூஜ்யம்.

ஒரு சோறு பதமாகாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கோல் காவலர் விஷயத்தில் செல்லாது. நூற்றுக்கு எழுபது தடுக்கும் திறமை உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் 100 பந்தைச் சந்திக்கும் ஒரு பருவத்தில், திறமை கூடாமல் குறையாமல், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 61ஐயும் தடுக்கலாம், 79ஐயும் தடுக்கலாம் என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. ஒரு பருவத்தில் வீரராகவும் அடுத்த பருவத்தில் கோமாளியாகவும் தெரிந்தவர் உண்மையில் மாறவே இல்லாமல் இருந்திருக்கலாம். ஆகவே மூன்று நான்கு பருவங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பிறகே எண்களை நம்பத் தொடங்க வேண்டும்.

எண்ணுக்குள் அடங்காத வேலையும் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடும் பந்தைக் காவலர் முன்னால் வந்து பறித்துவிட்டால் அங்கே உதையே நடப்பதில்லை. கணக்கில் ஏற ஒன்றும் இருக்காது. பின்னாலிருந்து குரல் கொடுத்து ஆட்களை நகர்த்துவதும் அப்படித்தான். நீண்ட கைகள் கொண்ட ஒருவருக்கு முதல் வேலையில் இருக்கும் அனுகூலத்தைச் சொல்லத் தேவையில்லை. விதிகளும் மாறின. சக ஆட்டக்காரர் காலால் வேண்டுமென்றே தள்ளும் பந்தைக் காவலர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அதன் பிறகு காலால் பந்தை ஆளத் தெரியாத காவலருக்கு மதிப்பில்லை. ஆறுமுகம் ஆடியது அதற்கு முந்தைய காலம். இன்றைய அளவுகோலை அப்படியே அவர்மீது வைப்பது நியாயமாகாது.

துணை இல்லாத தருணம்

பத்துப் பேரும் விலகி நிற்க, காவலரைத் தனியாகப் பார்க்க வாய்க்கும் ஒரே தருணம் பெனால்டி. 2010 டிசம்பர் 29, ஜகார்த்தா, ஆசியான் கிண்ண இறுதியின் இரண்டாம் ஆட்டம். பயிற்றுநர் கே. ராஜகோபாலின் மலேசிய அணி, முதல் ஆட்டத்தைப் புக்கிட் ஜாலிலில் 3–0 என்று வென்றுவிட்டு வந்திருந்தது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. ஃபிர்மான் உத்தினா அடித்ததை மலேசியக் காவலர் கைருல் ஃபாஹ்மி தடுத்தார். மலேசியா அந்த ஆட்டத்தில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4–2 என்று வென்று முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. முக்கால் கோல் மதிப்புள்ள ஒரு பந்தை, அரங்கம் முழுக்க எதிராகக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஒருவர் தனியாகத் தடுத்திருக்கிறார். ஆனால் ஒரு காவலர் பருவம் முழுவதும் சந்திக்கும் பெனால்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் மீண்டும் ஒற்றைச் சோற்றுக் கதைதான்.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. துணையை மாற்றிப் பார்ப்பது. ஒரே காவலர் வெவ்வேறு அரண்களுக்குப் பின்னால் நிற்கும்போதும் தரம் குறையவில்லை என்றால் அந்தத் தரம் அவருடையது. ஆறுமுகத்துக்கு இந்தச் சோதனை இயல்பாகவே அமைந்தது. சந்தோக் சிங் சிலாங்கூரிலும் அவரோடு ஆடியவர். சோ சின் ஆனோ மலாக்கா ஆட்டக்காரர். தேசிய அணியில் தோழர், மலேசியக் கிண்ணத்தில் எதிரணி. சோ இல்லாமலே சிலாங்கூர் 1975, 1976, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கிண்ணத்தை வென்றது. சோ சேர்ந்து ஆடிய தேசிய அணி 1977, 1979 சீ விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றது. அரசின் புறக்கணிப்பு முடிவால் போகத்தான் முடியவில்லை.

அன்று உதைகளைக் குறித்து வைக்க ஆளில்லை. அதனால் ஆறுமுகம் எத்தனை கோலை மிச்சப்படுத்தினார் என்று எந்தக் கணினியும் இன்று சொல்ல முடியாது. ஆனால் பயிற்றுநர்கள் மாறினார்கள், சக ஆட்டக்காரர்கள் மாறினார்கள். தேசிய அணியின் கோலில் பத்தாண்டுக்கும் மேலாக அவர் நின்றார். முன்னால் நின்ற அரண் மட்டுமே ஒருவரை அவ்வளவு காலம் அங்கே நிறுத்தி வைக்காது. அரண் அவருக்கு நேரம் கொடுத்தது, அந்த நேரத்தை அவர் வீணாக்கவில்லை என்பதுதான் என் தீர்ப்பு.

பந்தை எடை போடும் முறையைப் பயன்படுத்தக் கணினியோ கேமராவோ தேவையில்லை. கிள்ளானிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ பள்ளித் திடலில் உங்கள் பிள்ளை கோல் காக்கிறான் என்றால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் திடலின் படத்தை வரைந்துகொள்ளுங்கள். பந்து அடிக்கப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி, கோலானால் வட்டம். அந்தப் பக்கத்தைப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். ஐந்து கோல் விட்ட பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று இருவரும் ஒரு முறை பாருங்கள்.