குருதிக் கொழுப்பும் உயர் இரத்த அழுத்தமும்

குருதிக் கொழுப்பு மிகைப்பும் உயர் இரத்த அழுத்தமும் வயது வந்தோரிடம் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படும் இரு தனித்தனி நிலைகள் ஆகும். இரண்டும் நெடுங்காலம் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. உடற்பருமன், இன்சுலின் எதிர்ப்பு ஆகியன இரண்டுக்கும் பொதுவான காரணிகள்.

பொறிமுறை

குழாயில் அழுக்குப் படிவது போலத் தமனியில் கொழுப்புப் படிந்து அழுத்தம் உயர்வதாகப் பரவலாக விளக்கப்படுகிறது. இவ்விளக்கம் எளிமையானது; எனினும் பெரிதும் பொருந்தாதது. படிவுகள் பெரிய, நடுத்தரத் தமனிகளிலேயே உருவாகின்றன. குருதி ஓட்டத்திற்கான தடையை முதன்மையாகத் தீர்மானிப்பவையோ நுண்தமனிகள். கொலஸ்டிரால் மிகும்போது தமனியின் உட்சுவர் உயிரணுக்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடின் பயன் குறைகிறது. அதனால் தமனிகள் போதிய அளவு தளர்வதில்லை. சிறுநீரகத் தமனி படிவால் மிகவும் குறுகும்போது மட்டும் நிலைமை வேறு: சிறுநீரகம் ரெனின் என்னும் நொதியைச் சுரந்து உடல் முழுவதும் அழுத்தத்தை உயர்த்துகிறது.

எதிர்த்திசைத் தொடர்பு இன்னும் தெளிவானது. உயர் அழுத்தம் தமனியின் உட்சுவரைப் பாதிப்பதால் எல்.டி.எல். கொழுப்பு அதனுள் எளிதில் புகுகிறது. அழுத்தம் குறைந்த சிரைகளில் இப்படிவுகள் பொதுவாகத் தோன்றுவதில்லை. அதே சிரையை எடுத்து இதயத் தமனிக்கு மாற்றுவழியாகப் பொருத்தினால், சில ஆண்டுகளில் அதிலும் படிவு தோன்றக்கூடும்.

ஆய்வுகள்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1948இல் தொடங்கிய பிராமிங்காம் ஆய்வு, இவ்விரண்டையும் இதயநோயின் இடர்க்காரணிகளாக நிறுவியது. 2003இல் வெளியான அசுகாட் ஆய்வில், கொலஸ்டிரால் மிக உயராத 10,305 உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு 10 மி.கி. அடோர்வாசுட்டாட்டின் அல்லது போலி மருந்து தரப்பட்டது. இரு பிரிவினரின் இரத்த அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தபோதிலும், அடோர்வாசுட்டாட்டின் பெற்றோரிடம் மாரடைப்பும் இதயத்தமனி நோய் இறப்பும் 36% குறைந்தன.