அச்சு சரியானால் ஆயிரம் தளங்கள் பேசும்!

கண் தெரியாதவர்களும் படிக்கும்படி இணையதளம் அமைப்பது எப்படி?

தளேகாவ் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு "அச்சு" என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு பைசா என்று மக்களிடம் திரட்டிய "பைசா பண்ட்" பணத்தில் 1908-ஆம் ஆண்டிலேயே கண்ணாடித் தொழிற்சாலை கண்ட ஊர் அது. இன்று அந்த வட்டாரம் மோட்டார் தொழிலின் கோட்டை. 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்திய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்க, ஸ்ரீபெரும்புதூரில் கார் தயாரிக்கும் ஹூண்டாய் நிறுவனம் 2023-இல் ஒப்பந்தம் செய்துகொண்டதையும் வாசகர்கள் அறிவார்கள்.

உருக்கிய கண்ணாடியானாலும் சரி, உருக்கிய அலுமினியமானாலும் சரி, ஊற்றுகிற அச்சில் ஒரு கீறல் இருந்தால், வெளியே வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் அதே கீறல் இருக்கும். ஆயிரம் உருப்படியை உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருப்பவன் அனுபவமில்லாதவன். விவரம் தெரிந்த மேஸ்திரி முதலில் அச்சைக் கழற்றிப் பார்ப்பார்.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். அங்கே அச்சுக்குப் பெயர் "தீம்".

தீம் என்றால் என்ன?

ஒரு தமிழ்ச் சங்கம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் இணையதளம் தொடங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரத்திலிருந்து கட்டுவதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே தயாராகக் கிடைக்கும் ஒரு தீமை எடுத்துக்கொள்கிறார்கள். தலைப்பு எங்கே, பட்டியல் எங்கே, எழுத்து எவ்வளவு பெரிது, படம் எந்த இடத்தில் என்பதெல்லாம் அதில் முன்கூட்டியே அமைந்திருக்கும். பெயரையும் விவரத்தையும் போட்டால் தளம் தயார்.

2003-இல் தொடங்கிய "வேர்ட்பிரஸ்" என்ற இலவச ஏற்பாட்டில்தான் இன்று உலகத்து இணையதளங்களில் 100-க்கு 40-க்கும் மேற்பட்டவை ஓடுகின்றன. அதற்கென்று ஆயிரக்கணக்கான தீம்கள் இருக்கின்றன. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து செய்த ஒரு தீம், ஊர் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தளங்களுக்கு முகமாகிவிடுகிறது. அந்த முகம் கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். காதுக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பவர் சிலரே.

காதுக்கா? ஆம்!

காதால் படிப்பவர்கள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் அதிகம். வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் பார்வை குன்றியோருக்கும் உரியது.

இவர்கள் கம்ப்யூட்டரை இயக்குவது "ஸ்கிரீன் ரீடர்" என்னும் திரைவாசிப்பானின் துணையால். திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படித்துச் சொல்லும். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே ஆகியோர், 2006-இல் உருவாக்கத் தொடங்கிய "என்.வி.டி.ஏ." என்ற திரைவாசிப்பானுக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். தமிழும் மராத்தியும் பேசும் குரல்கள் அதிலேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போன்களில் "டாக்பேக்" என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது.

திரைவாசிப்பான் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருக்கும் குறிகளைப் படிக்கிறது. "இது தலைப்பு", "இது பொத்தான்", "இது பெயர் எழுதும் கட்டம்" என்று குறி இருந்தால் அப்படியே சொல்லும். எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். கே விசையைத் தட்டினால் அடுத்த இணைப்புக்குத் தாவும். பழகியவர்கள் கண் உள்ளவர்களுக்குச் சமமாக வேலை செய்துவிடுவார்கள். குறி இல்லாவிட்டால்? கும்மிருட்டில் புது வீட்டுக்குள் நுழைந்த கதைதான்.

கீறல் விழும் இடங்கள்

தீம் செய்பவர் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, "தலைப்பு" போலக் காட்டியிருப்பார். ஆனால் தலைப்புக்கான குறியைப் போட்டிருக்க மாட்டார். கண்ணுக்கு அது தலைப்பு. காதுக்கு வெறும் வரி. தாவிச் செல்ல வழியில்லாமல், முழுப் பக்கத்தையும் ஆதியோடந்தமாகக் கேட்க வேண்டும்.

மேலே 20 இணைப்புகள் கொண்ட பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் அந்த 20-ஐயும் தாண்டித்தான் விஷயத்துக்கு வர வேண்டும். "உள்ளடக்கத்துக்குச் செல்க" என்று முதலிலேயே ஓர் இணைப்பு வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. தீமில் ஒரே ஒருமுறை எழுதினால் போதும்.

படத்துக்கு விளக்க வரி இல்லையென்றால், திரைவாசிப்பான் "படம்" என்று மட்டும் சொல்லும். அல்லது கோப்பின் பெயரையும் எண்ணையும் கடகடவென்று ஒப்பிக்கும். விண்ணப்பத்தில் கட்டத்துக்குப் பெயர் இல்லையென்றால், அங்கே எழுத வேண்டியது பெயரா, பிறந்த தேதியா, போன் நம்பரா என்று தெரியாது. "மேலும் படிக்க" என்று பத்து இடத்தில் இருந்தால், எதை மேலும் படிக்க என்பது விளங்காது. மவுசைக் கொண்டுபோனால் மட்டும் விரியும் பட்டியல், மவுசே தொடாதவருக்குக் கடைசிவரை விரியாது.

பார்வை முழுவதும் போகாமல் மங்கலாகத் தெரிபவர்களுக்கும் கஷ்டம் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போடுவது சிலருக்கு நாகரிகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது சர்வதேச விதி.

இந்த விதிகள் நேற்று வந்தவை அல்ல. டபிள்யூ-3-சி என்ற உலக அமைப்பு 1999-லேயே முதல் தொகுப்பை வெளியிட்டது. 2.2 என்ற பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இருந்தும் நிலைமை என்ன? அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2025-இல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தது. அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது!

தமிழுக்கென்று ஒரு தொல்லை

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு கீறலும் உண்டு. வெளிநாட்டில் செய்த தீமில் "இந்தப் பக்கத்தின் மொழி ஆங்கிலம்" என்று குறி போட்டிருக்கும். அதில் தமிழை நிரப்புகிறவர் அந்தக் குறியை மாற்ற மறந்துவிடுவார். திரைவாசிப்பான் தமிழ் வரியை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைக்கும். சில குரல்கள் எழுத்தெழுத்தாக உளறும். சில ஒன்றும் பேசாமல் தாண்டிப் போகும். மொழிக் குறியைத் தமிழ் என்று மாற்றினால் குரலும் தமிழுக்கு மாறும். மராட்டியத்தில் நடக்கும் தமிழ்ச் சங்கத் தளங்களில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்து வருவது சகஜம். அங்கே அந்தந்தப் பகுதிக்கு அந்தந்த மொழிக் குறி வேண்டும்.

பழைய எழுத்துருக்களும் இப்படித்தான். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துருச் செய்த காலத்தில் எழுதிய தமிழ், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்தும் குறியுமாகவே இருந்தது. திரைவாசிப்பானுக்கு அது தமிழே அல்ல. தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது இந்த வகையில் பெரும் உதவி.

இன்னும் ஒன்று. பொங்கல் விழா அழைப்பிதழ் முழுவதையும் ஒரே படமாகப் போடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. தேதி, நேரம், மண்டபம், பஸ் வழி எல்லாம் அந்தப் படத்துக்குள். பார்வையற்ற உறுப்பினருக்குக் கிடைப்பது "படம்" என்ற ஒற்றைச் சொல். சந்தா கட்டியவருக்கே அழைப்பு இல்லை! அதே விவரத்தைப் படத்தின் கீழே நாலு வரி எழுதினால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது தர்மம் செய்கிற விஷயம் அல்ல, உரிமை. அரசானாலும் தனியாரானாலும் சேவை தருவோர், விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வசதி செய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட் முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோர் தொடர்ந்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்குக்கு அடையாளம் சரிபார்க்கும்போது "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கம்ப்யூட்டர் கேட்டால், சிமிட்ட முடியாதவர் என்ன செய்வார்? ஜே.பி. பர்திவாலா, சென்னை ஐகோர்ட்டிலிருந்து சென்ற ஆர். மகாதேவன் ஆகிய நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச், டிஜிட்டல் சேவையைப் பெறும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் அங்கம் என்று கூறி, 20 உத்தரவுகள் பிறப்பித்தது.

வெளிநாட்டில் இதற்கு முன்னோடி வழக்கு ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தில் படங்களுக்கு விளக்கம் இல்லை என்று பார்வையற்ற புரூஸ் மக்வயர் புகார் செய்து ஜெயித்தார். அமைப்பாளர்கள் 20,000 ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது.

ஒட்டுப் போட்டால் போதுமா?

"ஒரு பொத்தானை ஒட்டிவிட்டால் தளம் தானாகச் சரியாகிவிடும்" என்று விற்பவர்கள் உண்டு. ஏமாறக் கூடாது. அப்படி விளம்பரம் செய்த "அக்ஸஸிபி" என்ற நிறுவனத்துக்கு எதிராக, அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025-இல் 10 லட்சம் டாலர் கட்டும்படி உத்தரவிட்டது. அச்சு கீறியிருக்க, உருப்படிக்குச் சாயம் பூசி என்ன பயன்?

நீங்களே சோதிக்கலாம்

அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ தளம் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் பெரிய படிப்பு தேவையில்லை. வேர்ட்பிரஸ் தீம் பட்டியலில் "அக்ஸஸிபிலிட்டி ரெடி" என்ற அடையாளம் உள்ள தீமைத் தேர்ந்தெடுங்கள். அது பரிசோதனைக்கு உட்பட்டது. பிறகு மவுசைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டித் தளம் முழுவதும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். போனில் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் கீறல். கடைசியாக, பார்வையற்ற ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

நல்ல அச்சிலும் மோசமான சரக்கை ஊற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம். தீம் சரியாக இருந்தாலும், படத்துக்கு விளக்கம் எழுத வேண்டியது தளம் நடத்துபவரின் அன்றாட வேலை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஊரை விட்டு வந்து, உறவில்லாத இடத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பார்வையற்ற தமிழர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு, ஊருக்கு ரயில் டிக்கெட் எல்லாம் இன்று இன்டர்நெட்டில். பக்கம் பேசாவிட்டால், பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் பக்கத்து அறைக்காரரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் நல்லவராக இருந்தால் பிழைத்தார். பேசும் பக்கம் இருந்தால், தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டு, தன் பணத்தின் ரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வார்.