பெடலில் முடிகிற வேலை

டர்போ டீசல் காருக்கு ரீமேப் செய்துகொண்டவர்களை முதலில் எச்சரிப்பது பெரும்பாலும் கிளட்ச்தான். நான்காவது, ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால் ஆர்பிஎம் முள் விருட்டென்று ஏறும். வேகமுள் அசையாது. பின்னாலேயே கருகல் நாற்றம் வரும். 2020-இல் வந்த மஹிந்திரா தார் டீசலின் டார்க் 300 நியூட்டன் மீட்டர். கம்பெனி கிளட்ச் அதற்கு மேலும் ஓரளவு தாங்கும்படிதான் இருக்கும். ஆனால் ரீமேப்பில் எஞ்சின் மென்பொருளை மாற்றி 370, 380 என்று ஏற்றினால் அந்த உபரி கரைந்துபோகிறது. டீசலில் 2,000 சுற்றுக்குள்ளேயே டார்க் முழுதும் வந்து இறங்கிவிடுவதால், உயர்ந்த கியரில்தான் முதலில் ஸ்லிப் ஆகும்.

அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. ‘ஸ்டேஜ் 1’, ‘ஸ்டேஜ் 2’ என்று பெயரிட்ட ஹெவி டியூட்டி கிளட்ச் செட் ஒன்று வாங்கப்படும். கியர்பாக்ஸை இறக்கி மாட்டுவார்கள். ஸ்லிப் நின்றுவிடும். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு முதல் சிக்னலுக்கு வந்ததுமே வேறு புகார்கள் கிளம்பும். பெடல் கல் மாதிரி இருக்கிறது. பைட், அதாவது கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம், தரையை ஒட்டி வருகிறது, இல்லாவிட்டால் காலை எடுத்து முடிக்கும் இடத்தில் வருகிறது. ரிவர்ஸ் போடும்போது கரகரக்கிறது. சிலருக்கு, மிதித்த பெடல் மேலே வரவே யோசிக்கிறது. பட்டறையில் கேட்டால் ஒரே பதில்தான்: “ஹெவி கிளட்ச்னா அப்படித்தான் சார் இருக்கும். ஓட்ட ஓட்டப் பழகிடும்.”

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளக் கூடாது. பெடல் ஓரளவு கனமாவது இயல்புதான். ஆனால் மேலே சொன்ன மற்றவற்றில் பெரும்பாலானவை அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாததால் வருபவை. கியர்பாக்ஸ் போல்ட்டை முறுக்கியதோடு கிளட்ச் மாற்றும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் நம் பட்டறைகளில் பலவற்றின் பழக்கம். உண்மையில் அது முடிகிற இடம் பெடல்.

ஏன் கனமாகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பிளேட்டின் இரண்டு முகங்களையும் பிரஷர் பிளேட் எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது, உராய்வு எவ்வளவு, பிளேட்டின் சராசரி ஆரம் எவ்வளவு, இவற்றைப் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க் வந்துவிடும். சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர், சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொண்டால், 400 நியூட்டன் மீட்டரைத் தாங்க ஏறக்குறைய 680 கிலோ அழுத்தம் வேண்டும். தாங்கும் டார்க்கை 520 ஆக்க வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, ஸ்பிரிங்கைப் பலமாக்கி அழுத்தத்தை 880 கிலோவுக்குக் கொண்டுபோவது. அந்த 30 சதவீதமும் அப்படியே உங்கள் இடது காலுக்கு வந்து சேரும். இன்னொன்று, அழுத்தத்தைத் தொடாமல் லைனிங்கை மாற்றுவது. செராமிக் அல்லது சின்டர்ட் லைனிங்கில் உராய்வெண் 0.4-ஐத் தொட்டால் அதே 680 கிலோவில் 530 தாங்கும், பெடல் கனக்காது. ஆனால் கிளட்ச் பிடிக்கும்போது மெதுவாகப் பிடிக்காது, சட்டென்று கவ்வும். முதல் கியரில் வண்டி உதறிக்கொண்டு கிளம்பும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயாஃப்ரம் ஸ்பிரிங் தாங்கி நிற்கும் புள்ளியைச் சற்று நகர்த்தினால், காலின் பளு அதிகம் ஏறாமலே அழுத்தம் கூடும். அதற்கு விலையாக ரிலீஸ் பேரிங் முன்பைவிடக் கூடுதல் தூரம் போயாக வேண்டும். அந்தக் கூடுதல் தூரத்தை உங்கள் வண்டியின் ஹைட்ராலிக் கொடுக்காவிட்டால் கிளட்ச் முழுதாக விலகாது. ரிவர்ஸ் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே எல்லாமே மில்லிமீட்டர் விவகாரம். பெடல் 14, 15 சென்டிமீட்டர் கீழே போகிறது. அந்த அசைவு மாஸ்டர் சிலிண்டர், குழாய், ஸ்லேவ் சிலிண்டர், ஃபோர்க் வழியாகப் போய்ப் பேரிங்கை 8 முதல் 10 மில்லிமீட்டர் தள்ளுகிறது. கடைசியில் பிரஷர் பிளேட் பின்வாங்குவது 2 மில்லிமீட்டர்கூட இராது. நடுவில் எங்கேயாவது சிறிதளவு அசைவு வீணானால்கூட கிளட்ச் முழுசாக விடாது. குழாயில் ஒரு காற்றுக் குமிழி, மிதிக்கும்போதெல்லாம் உப்பிக்கொடுக்கும் பழைய ரப்பர் ஹோஸ், தேய்ந்துபோன பெடல் புஷ், கிரீஸ் காய்ந்த ஃபோர்க் முனை எல்லாமே இதற்குப் போதும். கம்பெனி கிளட்ச் இருந்தவரை இந்தக் குறைகள் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். புது கிளட்ச் வந்ததும் எல்லாம் ஒரேயடியாகத் தெரிய ஆரம்பிக்கும், பழி கிளட்ச் மேல் விழும். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுத்திருந்தால், எடுத்த அளவுக்குக் கிளட்ச் எஞ்சின் பக்கம் நகர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஃபோர்க்கைத் தாங்கும் பால் முனைக்கு அடியில் அதே அளவுக்கு ஷிம் வைப்பார்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது. மாட்டிய பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை.

ஆகவே பெடல் அடியில் ஸ்பானரை நீட்டுவதற்கு முன் ஏர் எடுக்க வேண்டும். பிரேக் ஃப்ளூயிட்டும் கிளட்ச் ஃப்ளூயிட்டும் ஒரே டப்பாவிலிருந்து போகும் கார்கள் நிறைய. டாட் 4 ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் கறுத்த ஃப்ளூயிட்டை முழுதாக மாற்றிவிடுவதே நல்லது.

பிறகு புஷ் ராட். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் இந்தக் கம்பியில் ஒரு லாக் நட் இருக்கும். அதைத் தளர்த்தி ராடைச் சுற்றினால் நீளம் கூடும், குறையும். நீளம் கூடினால் பெடலின் வெற்று அசைவு (ஃப்ரீ பிளே) குறைந்து பைட் மேலே வரும். பெடல் விகிதம் 5 அல்லது 6 என்றால் ராடில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் காலுக்கு 5, 6 மில்லிமீட்டராகத் தெரியும். அதனால் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் பெடலின் உயரத்தை மேல் ஸ்டாப்பரில் சரிசெய்துவிட்டு அதன்பின் ராடுக்கு வர வேண்டும். இந்த வரிசை மாறினால் இரண்டு அளவுமே கெடும். ராட் நீளத்தை மாற்ற வழியே இல்லாத கார்களும் இருக்கின்றன, அவற்றில் அட்ஜஸ்ட் ஆகும் ராடைத் தனியாக வாங்கிப் போடுகிறார்கள்.

பெரிய ஆபத்து இருப்பது இந்த இடத்தில்தான். பைட்டை இன்னும் மேலே, இன்னும் மேலே என்று ஆசைப்பட்டு ராடை நீட்டிக்கொண்டே போனால் ஃப்ரீ பிளே மொத்தமாக மறைந்துவிடும். காலை எடுத்த பிறகும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது. ஃப்ளூயிட் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். எஞ்சின் சூட்டில் ஃப்ளூயிட் விரியும்போது அது போக வழியில்லாமல், தானாகவே ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி விலகியிருக்கும். காலையில் ஒழுங்காக ஓடி, மதியத்துக்கு மேல் ஸ்லிப் ஆகும் புது கிளட்சுகளில் இந்தக் குறையைத்தான் முதலில் தேட வேண்டும். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய பிளேட் சில நாட்களில் கருகிவிடும், கடைக்காரர் மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டார் என்று சண்டை நடக்கும். கையால் பெடலை மெல்லத் தள்ளிப் பார்த்தால், எதிர்ப்பு தொடங்குவதற்கு முன் கொஞ்சம் இலேசான அசைவு தெரிய வேண்டும். அந்த அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைப் பூஜ்யமாக்க யாருக்கும் உரிமையில்லை.

மேல்முனைக்கு இருக்கும் அதே கவனம் கீழ்முனைக்கும் வேண்டும். கிளட்ச் விலகிய பிறகும் பெடல் வெகுதூரம் போனால் டயாஃப்ரம் விரல்கள் அளவுக்கு மீறி அமுங்கும். பிளேட்டின் நடுப்பகுதியில்கூடப் போய் இடிக்கலாம். டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஓர் இடத்தில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறையும் தன்மையுள்ளது. மிகவும் அமுக்கினால் பெடலைத் திருப்பித் தள்ளும் பலம் அதற்கு இராது, பெடல் கீழேயே நிற்கும். எஞ்சின் ஓட, பெடலை மிதித்து மூன்று நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். சத்தமில்லாமல் எந்த உயரத்தில் விழத் தொடங்குகிறதோ அதற்குச் சற்றுக் கீழே ஒரு பெடல் ஸ்டாப்பர் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். செலவு சொற்பம். ஆனாலும் ஏனோ இதைச் செய்துகொடுப்பவர்கள் குறைவு.

பெடல் திரும்பி வர மறுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. பல கார்களில் பெடலின் மேல் முனையில் ஓர் உதவி ஸ்பிரிங் இருக்கும். முதல் பகுதியில் பெடலை மேலே தள்ளும். நடுப்புள்ளியைக் கடந்ததும் திசை மாறி, காலோடு சேர்ந்து கீழே இழுக்கும். கிளட்ச் பூ மாதிரி இருக்கிறது என்று நாம் மெச்சும் சுகத்தில் பாதி இதன் கைங்கரியம். ஆனால் அந்த ஸ்பிரிங்கின் பலம் கம்பெனி கிளட்சின் எதிர்ப்புக்கு ஏற்ப அளந்து வைக்கப்பட்டது. எதிர்ப்பு வேறுமாதிரியுள்ள பிரஷர் பிளேட் வந்ததும் சமன் குலைகிறது. கீழே எடை இல்லாமல், பைட் எங்கே என்று காலுக்குப் பிடிபடாமல் போகிறது. 2015 மாடலாக வந்த ஆறாம் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் இதற்குப் பேர்போன உதாரணம். அமெரிக்காவில் அதற்கென்றே பலம் குறைந்த மாற்று ஸ்பிரிங்குகள் விற்கின்றன. ஸ்பிரிங்கை மாற்றினாலோ கழற்றினாலோ பெடல் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும், ஆனால் பைட் துல்லியமாகத் தெரியும். நான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் துல்லியத்தைத்தான் எடுப்பேன். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் காலுக்குச் சொல்லாத பெடல், எத்தனை இலேசாக இருந்தாலும் பிளேட்டைத் தின்னும்.

எல்லாம் சரிசெய்த பிறகும் கால் வலிக்கிறது என்றால் மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தைப் பார்க்கலாம். முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. சிலிண்டருக்குப் பதிலாக எட்டில் ஐந்து அங்குலம், சுமார் 16 மி.மீ. போட்டால் காலின் பளு 30 சதவீதம் குறையும். ஆனால் அதே அளவு ஃப்ளூயிட்டைத் தள்ள 44 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். அவ்வளவு தூரம் பெடலுக்குக் கீழே இல்லாவிட்டால் கிளட்ச் விலகாது. பளுவில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்தே ஆக வேண்டும், இதில் தள்ளுபடி கிடையாது. பெரிய சிலிண்டர் போட்டு ‘ஸ்ட்ராங்’ ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பளு ஏறப்போகிறது என்று பொருள்.

மாருதி ஜிப்ஸி போன்ற கேபிள் கிளட்ச் வண்டிகளில் கதை சுருக்கமானது. கேபிள் மடங்காமல் போகிறதா, உள்ளே இழை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபோர்க் முனையிலுள்ள நட்டில் ஃப்ரீ பிளேயை வைத்தால் போதும். பலமான பிரஷர் பிளேட்டோடு பழைய கேபிளை ஓட்டுவது மட்டும் கூடாது, காட்டுப் பாதையில் அறுந்து நிற்கும்.

பெடலில் தீர்க்க முடியாத குறையும் உண்டு. எஞ்சின் துடிப்பை உள்வாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஒற்றை ஃப்ளைவீல் போட்டால், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும், கிளம்பும்போது முரட்டுத்தனம் தெரியும். எந்த ராடைத் திருகினாலும் அது போகாது.

காலின் பளு காலோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ரிலீஸ் பேரிங் கிராங்க் ஷாஃப்டை முன்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் த்ரஸ்ட் பேரிங். 1990-களின் இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போ கார்களில் கிராங்க் முன்னும் பின்னும் நகர்ந்து எஞ்சினே பாழான சம்பவங்கள் அமெரிக்காவில் பலருக்கு நேர்ந்தன. காரணம் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது, ஆனால் மிகக் கனமான பிரஷர் பிளேட்டுகள் அந்தத் தேய்மானத்தைத் தூண்டுகின்றன என்ற சந்தேகம் தொடக்கத்திலிருந்தே உண்டு. எனவே சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வருவது, ஹெவி கிளட்ச் போட்டவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

வாங்கும்போதே அளவறிந்து வாங்கினால் பாதித் தொல்லை வராது. ஆலியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஹாஃப் கிளட்சில் கால் வைப்பவருக்குச் சட்டென்று கவ்வும் செராமிக் பிளேட் தண்டனை. 380 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு 450 தாங்கும் ஆர்கானிக் கிளட்ச் தாராளம். 600 தாங்குவதை வாங்குவது பெருமைக்குத்தான் உதவும். அந்த வண்டியை வீட்டில் இன்னொருவரும் ஓட்டுவார் என்றால், முட்டி வலியுள்ள அப்பாவோ அன்றாடம் நெரிசலில் அலுவலகம் போகும் மனைவியோ ஓட்டுவார் என்றால், அவர்கள் காலையும் அழைத்துப்போய்ப் பெடலை அட்ஜஸ்ட் செய்வதுதான் நியாயம்.

புது பிளேட் படிய, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஊருக்குள் நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள். அதற்குள் பைட் சற்று இடம் மாறும், முதல் நாள் உதறல் பெருமளவு அடங்கும். அதனால் முதல் வாரத்திலேயே ராடைத் திருகித் திருகிப் பார்க்க வேண்டாம். வண்டியை எடுக்கும்போது பெடல் உயரம், ஃப்ரீ பிளே, பைட் வரும் உயரம் ஆகிய மூன்று அளவுகளையும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு ஸ்பிரிங் தராசைப் பெடலில் மாட்டி இழுத்து, பழைய கிளட்சுக்கு எத்தனை கிலோ, புதியதற்கு எத்தனை கிலோ என்பதையும் குறித்துவையுங்கள். 800 கிலோமீட்டர் ஓடியதும் அதே பட்டறைக்குப் போய் அந்த அளவுகளை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். புஷ் ராடின் லாக் நட் தளர்ந்திருக்கிறதா, ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறதா, ஃப்ளூயிட் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதுவே சரியான சமயம்.