கந்தமாறனின் சந்தேகம்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதி ஐந்து பாகங்களில் முடித்த 'பொன்னியின் செல்வன்' நாவலை ஸ்ரீ மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரண்டு திரைப்படங்களாக்கினார். இக்கதையில் வேலூர்ப் பிரதேசத்தாருக்குத் தனிப் பாத்தியதை உண்டு. கதாநாயகன் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அக்குலத்தாரின் பழம்பதியாகிய திருவல்லம் நமக்கு அருகிலேயே பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது. நம்மூரானுடைய சிநேகத்தைப் புத்தகம் எவ்விதம் காட்டிற்று, படம் எவ்விதம் காட்டிற்று என்று சீர்தூக்குவது தகும்.

படத்தின் சிறப்பை முதலில் ஒப்புவோம். நாவலில் வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தனியனாய்க் குதிரையேறி வருகிறான். ஆதித்த கரிகாலனிடத்தில் அவன் கொண்ட விசுவாசத்தை ஆசிரியர் சொல்லியே நாம் அறிகிறோம். படமோ இருவரையும் போர்க்களத்தில் ஒருங்கே நிறுத்திக் காட்டிவிடுகிறது.

நிற்க. நாவலில் மற்றொரு சிநேகம் உண்டு. கடம்பூர்க் கந்தமாறன் வந்தியத்தேவனோடு வட எல்லையில் காவல் புரிந்தவன். அவன் மாளிகைக்கு விருந்தினனாய்ச் சென்ற வந்தியத்தேவன், நள்ளிரவில் நடந்த சதியாலோசனையைக் கேட்டுவிடுகிறான். மறுநாள் இருவரும் சேர்ந்தே வழிநடக்கிறார்கள். சதியை அவன் சொல்லவில்லை. கேட்டதை இவனும் சொல்லவில்லை. சிநேகம் அந்த மௌனத்திலேயே விரிசல் காண்கிறது. பின்னர்த் தஞ்சைச் சுரங்க வழியில் பழுவேட்டரையரின் காவலன் கந்தமாறனை முதுகில் குத்துகிறான். வந்தியத்தேவன் அவனைத் தோளில் சுமந்து சென்று உயிர் காக்கிறான். கந்தமாறனோ, குத்தியவன் தன் சிநேகிதனே என்று சாதிக்கிறான்!

படத்தில் இந்தக் கந்தமாறன் சிறு பாத்திரமாய் ஒதுங்கிவிடுகிறான். அண்ணனுடைய பகைமைக்கும் தன் அன்புக்கும் இடையே தவிக்கும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. இரண்டு படங்களுக்குள் ஐந்து பாகங்களை அடக்குவது கடினமே. ஆயினும் விட்டுப்போனது அற்பமன்று. போர்க்களத்துச் சிநேகம் காண்பதற்கு இனியது. சந்தேகத்தால் முறியும் சிநேகமோ நம் வாழ்வில் அன்றாடம் காண்பது.

வக்கீல் தொழிலில் பழகியவன் இதில் ஒன்றைக் கவனியாதிருக்க முடியாது. முதுகில் குத்துண்டவன் குத்தியவனைப் பார்க்கவில்லை. அவன் கூறியது சாட்சியமன்று, அநுமானம். அந்த அநுமானத்தால் லாபமடைந்தவர் பழுவேட்டரையர்.

நமது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களின் கதியும் இதுவே. பாலாறு முதலிய நீர்நிலைகளைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்புக் கூறியது. ஆற்றுக்காகப் பேசுபவனைத் தொழிலாளி, "என் பிழைப்பைக் கெடுக்க வந்தவன்" என்கிறான். தொழிலாளிக்காகப் பேசுபவனைக் குடியானவன், "முதலாளியிடம் விலைபோனவன்" என்கிறான். கண்டவர் யார்? கேட்டால் பதில் இல்லை. கழிவு நீரால் நிலம் கெட்டவனும், அதே நீரில் நின்று தோல் பதனிடுபவனும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள், குத்துண்டவர்கள் இருவருமே.

ஊழியம் செய்யும் நண்பர்களுக்கு நமது விண்ணப்பம் இதுவே: கூட்டாளியின்மேல் பழி சுமத்துமுன், குத்தியவனைக் கண்ணாரக் கண்டோமா என்று கேளுங்கள், காயம்பட்ட நாளில் நம்மைத் தோளில் சுமந்தவன் யார் என்பதையும் விசாரியுங்கள். திரையில் இப்பாடம் கிட்டாதவர்கள் புத்தகத்தை எடுத்துப் படிப்பார்களாக.