பகடையை உருட்டுமுன் யோசியுங்கள்!

பரமபத விளையாட்டில் பகடை சொன்னபடி காயை நகர்த்துவது ஒன்றே நம் வேலை. ஏணியா, பாம்பா என்பதைப் பகடையே தீர்மானித்துவிடும். அப்படியின்றி, என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்து, அது பலிக்குமா என்பதை மட்டும் பகடையிடம் கேட்டால் எப்படியிருக்கும்?

அத்தகைய விளையாட்டு ஒன்று உண்டு. மேசையைச் சுற்றி நாலைந்து நண்பர்கள் அமர்வார்கள். ஒருவர் நடுவர். "எதிரே பாழடைந்த கோட்டை. கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துக்கொண்டு விடை சொல்வார்கள். இதில் வென்றவர், தோற்றவர் என்று கிடையாது. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கதையை வளர்க்கிறார்கள்.

இதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், 1824-இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தர உதவிய அந்த விளையாட்டில் நடுவரும் உண்டு, பகடையும் உண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதில் படைகளுக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாத்திரத்தை ஏற்றனர்.

இந்த விளையாட்டின் முதல் பதிப்பில் பாத்திரத்தின் வலிமை, அறிவு முதலிய ஆறு குணங்களுக்கு மூன்று பகடைகளை உருட்டி எண்கள் பெற்றார்கள். மூன்று பகடைகள் 216 விதமாக விழக்கூடும். 18 கிடைக்க ஒரே வழிதான்: மூன்றிலும் ஆறு விழவேண்டும். ஆனால் 10 கிடைக்க 27 வழிகள்! ஆகவே மகா பலசாலிகள் அபூர்வம், நடுத்தரமானவர்களே அதிகம். உலகிலும் அப்படித்தானே?

இருபது முகங்கள் கொண்ட பகடையும் உண்டு. அதில் ஒவ்வோர் எண்ணுக்கும் சமவாய்ப்பு, அதாவது நூற்றுக்கு 5. இங்கேதான் நடுவர்கள் தவறு செய்கிறார்கள். உங்கள் நண்பர் மதில் ஏறுகிறார். 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. அதாவது நூற்றுக்கு 80 வாய்ப்பு. "பத்தடிக்கு ஒரு முறை உருட்டு" என்று நடுவர் ஐந்து முறை உருட்டச் சொன்னால் என்ன ஆகும்? 0.8-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். சுமார் 0.33 வரும். எளிதென்று நம்பி ஏறியவர் மூன்றில் இரண்டு முறை விழுவார்! நடுவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, கணக்குத்தான் தெரியவில்லை. ஒரு செயலுக்கு ஒரு முறை உருட்டினால் போதும் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல நடுவர்கள் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணின்படி நண்பரின் பாத்திரம் இறந்தாக வேண்டும். பல வாரங்கள் ஆசையாக வளர்த்த பாத்திரம்! எண்ணை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றலாமா?

'கதைதான் முக்கியம், மாற்றலாம்' என்பார் சிலர். நான் அதை ஏற்கவில்லை. உண்மை தெரிந்தால், நண்பர் பெற்ற முந்தைய வெற்றிகள்கூட அவருக்குப் பொய்யாகத் தோன்றும். சோதனையில் கிடைத்த அளவை நம் விருப்பப்படி திருத்தினால் அது சோதனையாகுமா? அதுபோலத்தான் இதுவும்.

அப்படியானால் இரக்கத்துக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது பகடையை உருட்டுமுன் வரவேண்டும். 1876-இல் பிரஷ்யத் தளபதி வெர்டி டு வெர்னுவா, பகடையையும் அட்டவணைகளையும் விட்டுவிட்டு, நடுவர் தம் அனுபவத்தைக் கொண்டே தீர்ப்புச் சொல்லலாம் என்றார். அதில் ஒரு பாடம் இருக்கிறது. 'எந்த எண் விழுந்தாலும் ஏற்பேனா?' என்று உங்களையே கேளுங்கள். 'இல்லை' என்றால் பகடையைத் தொடாதீர்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். உருட்டிவிட்டால், எல்லோரும் காண உருட்டுங்கள், விழுந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே மூன்று பகடைகளை நூறு முறை உருட்டி, கூட்டுத்தொகைகளைக் குறித்து, வரைபடம் வரைந்து பாருங்கள். நடுவில் குன்றுபோல் உயர்ந்து, இருபுறமும் சரிகிறதா? அந்தக் குன்றை அறிந்தவரே நல்ல நடுவராக முடியும்.