எந்தப் பேனா வாங்கலாம்?

இவ்வாண்டு நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் என் அறைக்கு வந்தார். “அண்ணா, மைப்பேனா ஒன்று வாங்க வேண்டும். வீட்டிலிருந்து ஐந்நூறு ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். எதை வாங்குவது?” என்று கேட்டார். கேள்வி சிறியதுதான், ஆனால் விடை ஒரு வரியில் அடங்கவில்லை. அவருக்குச் சொன்னதையே மற்றத் தம்பி தங்கையரும் அறியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

பத்து ரூபாய்க்குப் பந்துமுனைப் பேனா கிடைக்கிற இந்நாளில் மைப்பேனா எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பந்துமுனைப் பேனாவின் மை கெட்டியானது. முனையிலுள்ள சிறு குண்டைத் தாளின்மேல் அழுத்தி உருட்டினால்தான் அது இறங்கும். மைப்பேனாவின் மையோ நீரைப் போன்றது. முள் தாளைத் தொட்டாலே போதும். மை தானாக இறங்கும். கல்லூரியில் முதலாண்டுத் தேர்வு எழுதியபோது இரண்டாவது மணி நேரத்திலேயே என் கட்டைவிரல் மரத்துப் போகும். மைப்பேனாவுக்கு மாறிய பிறகு அந்தத் துன்பம் இல்லை.

ஆனால் அந்த மாற்றம் ஓர் இழப்போடுதான் நிகழ்ந்தது. அதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நான் ஏமாந்த கதை

தில்லிக்கு வந்த முதல் ஆண்டு. குளிருக்கு மேற்சட்டை வாங்கிக்கொள் என்று அம்மா பணம் அனுப்பியிருந்தார். நான் கடைத்தெருவுக்குப் போய், பொன்னிற வளையம் போட்ட கனத்த பேனா ஒன்றை எழுநூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். அதை எழுதிப் பார்க்கவும் இல்லை. அது எப்படி மை பிடிக்கிறது என்று கேட்கவும் இல்லை. மினுமினுப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

டிசம்பர் மாதத் தேர்வு. காலைக் குளிரில் கை நடுங்க எழுதத் தொடங்கினேன். கால் மணி நேரம் கழிந்திருக்கும். முள்ளிலிருந்து மூன்று பெருந்துளி மை விடைத்தாளில் விழுந்தது. அரைப் பக்கக் கணக்கு நீலக் குளமாயிற்று. மறுபடி எழுதப் பத்து நிமிடம் போயிற்று. கடைசி வினாவுக்கு நேரம் இல்லாமற் போயிற்று.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். எங்கள் ஊர் சாத்தூர். சேவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் மட்டுமல்ல, பேனா முள்ளுக்கும் ஒரு காலத்தில் பெயர் பெற்ற ஊர் அது. என் தாத்தா அங்கே முள் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் சொன்னதைக் கேட்டதும், “பேனாவிலே மை பாதிக்கு மேல் தீர்ந்திருந்ததா?” என்று கேட்டார். ஆமாம், தீர்ந்துதான் இருந்தது. பௌதிகம் படிக்கும் எனக்குத் தோன்றாதது, பட்டறையில் உழைத்த அவருக்கு நொடியில் தோன்றிவிட்டது!

பேனா வேலை செய்யும் விதம்

மைப்பேனாவுக்கு உறுப்புகள் நான்கு: முள், அதன் அடியிலுள்ள நாக்கு, மை தங்கும் கூடு, மூடி.

முள்ளின் நடுவே மெல்லிய பிளவு ஒன்று உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இந்தப் பிளவின் வழியே மை முனைக்கு வருகிறது. நுண்துளைக் கவர்ச்சி என்று நாம் பாடத்தில் படிப்பது இதைத்தான். ஆனால் மை வெளியேறினால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து மை நின்றுவிடும். மிகுதியாகப் போனாலோ மை கொட்டும். மை இறங்கவும் காற்று ஏறவும் அளவாக வழிவிடுவது நாக்கின் வேலை. 1884ஆம் ஆண்டில் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்றது இத்தகைய நாக்கு ஒன்றுக்குத்தான். நாக்கின் அடியில் சீப்புப்போல் காணும் பற்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மிகையாக வரும் மையைச் சற்று நேரம் தாங்கி வைப்பதற்காக அமைந்தவை.

இனி என் விடைத்தாளுக்கு வருவோம். என் பேனாவின் கூடு மூன்று மில்லிலிட்டர் கொள்ளும். அன்று மை ஒரு மில்லி. மீதி இரண்டு மில்லியும் காற்று. தேர்வு மண்டபத்தின் குளிர் 10 பாகை என்று கொள்வோம். கையின் சூட்டால் அந்தக் காற்று 30 பாகைக்கு வந்தால், அதன் தனிவெப்பநிலை 283இலிருந்து 303 ஆகிறது. அதாவது காற்று நூற்றுக்கு ஏழு பங்கு விரிகிறது. இரண்டு மில்லியில் ஏழு பங்கு 0.14 மில்லி. ஒரு மில்லிக்கு இருபது துளி என்றால், ஏறக்குறைய மூன்று துளி! விரிந்த காற்றுக்கு வேறு வழியில்லை. மையைத்தான் வெளியே தள்ளும். கூடு நிறைய மை இருந்திருந்தால் காற்றும் சிறிதளவே இருந்திருக்கும்; துளியும் விழுந்திராது. குற்றம் பேனாவினுடையது மட்டும் அன்று, என்னுடையதும்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, முள். “பேனாவுக்கு வாய்தான் முக்கியம், சட்டை முக்கியமில்லை” என்பார் தாத்தா. முள்ளை வெளிச்சத்தில் பிடித்து எதிரே பாருங்கள். பிளவின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் தாளைக் கீறும். கடைக்காரரிடம் மை கேட்டு, முள்ளை நனைத்து, அழுத்தாமல் எட்டு என்னும் இலக்கத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி எழுதிப் பாருங்கள். அதைக் கடையின் வழவழப்பான தாளில் செய்யாமல், நீங்கள் நாள்தோறும் எழுதும் நோட்டுத் தாளில் செய்ய வேண்டும்.

தொடக்கத்தில் தங்க முள் வேண்டுவதில்லை. துருப்பிடிக்காத எஃகு முள்ளே போதும். இரண்டிலும் தாளைத் தொடும் நுனியில் இருப்பது கடினமான வேறோர் உலோகக் கலவைதான்.

முனை பருமனாக வேண்டுமா, மெலிதாக வேண்டுமா? மெலிதே நன்று. நம் நோட்டுத் தாள்களில் பல மையை உறிஞ்சிப் பரப்பும். பருமுனையால் எழுதினால் ‘ண’கரத்தின் சுழிகள் அடைந்துபோகும், கணக்கின் அடிக்குறிகளும் அப்படியே. ஜப்பானியப் பேனாக்களில் ‘மெலிது’ என்பது ஐரோப்பியப் பேனாக்களின் ‘மெலிது’ என்பதைவிட இன்னும் மெலிது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, மை நிரப்பும் முறை. கழுத்தைக் கழற்றி மையைக் கூட்டிலேயே ஊற்றுவது ஒரு முறை. இதில் மை மிகுதியாகக் கொள்ளும். பழுதாகும் பொறி எதுவும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் தீர்ந்தால் நான் பட்ட பாடு உண்டு. முள்ளை மையில் அமிழ்த்தி, திருகியோ அமுக்கியோ உறிஞ்சவைப்பது மற்றொரு முறை. மை குறைவாகவே கொள்ளும். ஆயினும் துளி விழுவது அரிது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே ஏற்றது. அடைத்த மைக்குழாயை மாற்றிப் போடும் பேனாவும் உண்டு. அதில் பேனா மலிவாக இருக்கும். குழாய்கள்தாம் மாதந்தோறும் செலவு வைக்கும். அத்தகைய பேனாவை வாங்கினால், அதற்கு உறிஞ்சுகுழாய் தனியே கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, மூடி. மூடிக்குள் உள்மூடி ஒன்று இருந்து முள்ளை இறுக்கிக் காத்தால் மை உலராது. ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி என்னும் மலிவான பேனாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது இத்தகைய மூடிதான். மாதக்கணக்கில் மூடி வைத்தாலும் மறுபடி எழுதும்.

பணமும் பேனாவும்

முதற் பேனா மலிவானதாக இருந்தாலே போதும். நம் நாட்டுக் கேம்லின், சீனத்து ஹீரோ, மேற்சொன்ன பிரெப்பி ஆகியவற்றில் எது கைக்கு ஒத்து வருகிறதோ அதை எடுக்கலாம். ஆயிரங்களில் விற்கும் ஜெர்மன் லாமி சஃபாரி போன்றவை நல்லவைதாம். ஆனால் இரண்டாவது பேனாவாக வரட்டும். எதை விரும்புகிறோம் என்பதே ஓராண்டு எழுதிய பிறகுதான் தெரியும்.

கையால் கடைந்த பேனாக்களைப் பற்றியும் ஒரு சொல். 1932இல் ராஜமகேந்திரவரத்தில் தொடங்கிய ரத்னம் பேனாவும், நம் திருவள்ளூரில் கடையும் ரங்கா பேனாவும் இந்தியக் கைத்தொழிலின் பெருமை. சம்பளம் வாங்கும் நாளில் நாம் ஒன்று வாங்க வேண்டும்.

மையும் பராமரிப்பும்

பேனாவில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல மை வாங்குங்கள். 60 மில்லிப் புட்டி ஒன்று, ஒரு மில்லி கொள்ளும் பேனாவை அறுபது தடவை நிரப்பும். கேம்லின் மையும், 1934இல் தோன்றிய வங்காளத்துச் சுலேகா மையும் நம் நாட்டவை. படம் வரையும் கறுப்பு மையை மட்டும் ஊற்றவே கூடாது. அதிலுள்ள கரித்தூளும் அரக்கும் நாக்கை அடைத்துவிடும். இரண்டு மைகளைக் கலப்பதும் வேண்டாம். சில வேளை வண்டல் படியும்.

புதுப் பேனாவில் பட்டறை எண்ணெய் ஒட்டியிருக்கலாம். ஒரு சொட்டுச் சோப்பு விட்ட நீரில் அலசி, பின் நல்ல நீரில் அலசி, உலரவிட்டு மை நிரப்புங்கள். மாதம் ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசினால் போதும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் ஆகா. ஊருக்கு ரயில் ஏறும்போது முள் மேல்நோக்கி இருக்கும்படி பையில் செருகுங்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவே கூட்டை நிறைத்துவிடுங்கள். குளிர்நாள் என்றால், எழுதத் தொடங்குமுன் பேனாவை முள் மேலாக நிறுத்தி, உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வையுங்கள். விரியும் காற்று மேலே போய்விடும். மை கீழேயே தங்கும்.

கேள்வி கேட்ட தம்பி நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பேனாவும் ஒரு புட்டி மையும் வாங்கினார். மிச்சப் பணத்தைக் குளிர்க் கையுறைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் அந்த ஆண்டு முழுவதும் மேற்சட்டை இல்லாமல் நடுங்கியது எனக்கல்லவா தெரியும்!

நண்பர்களே, பேனா வாங்கியதும் முதலில் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் பழகுங்கள். முள்ளும் கைக்குப் பழகும். வீட்டிலுள்ளோர் மனமும் குளிரும்.