நோய் எதிர்ப்புக்கு ஒரு கடிவாளம்

ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களுக்கு அறுவை செய்து எடுத்த தைராய்டு சுரப்பிகளை ஆராய்ந்து 1912-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுரப்பி முழுவதும் வெள்ளை அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. காரணம் பிடிபட 44 ஆண்டுகள் ஆயின. பின்னர் 'ஹஷிமோட்டோ நோய்' என்று பெயர் பெற்ற இந்நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் சொந்தத் தைராய்டையே எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருப்பதை 1956-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கிருமியை அழிக்க வேண்டிய படை உடம்பையே தாக்குகிறது!

இதில் வைட்டமின் டிக்கு என்ன வேலை? வெயில் பட்டதும் தோலில் உருவாகும் இந்தச் சத்து, கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாறிய பிறகே செயல்படும் ஹார்மோன் ஆகிறது. எலும்புக்குக் கால்சியம் சேர்ப்பது அதன் பழைய புகழ். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. அந்த இரண்டாம் மாற்றத்தை நோய் எதிர்ப்பு அணுக்கள் சிலவும் தாமே செய்துகொள்கின்றன. அப்படி உருவாகும் ஹார்மோன், கிருமியைக் கொல்லும் புரதத்தைச் சுரக்கத் தூண்டுகிறது. அதே சமயம் தாக்கும் டி-அணுக்கள் (T cells) என்ற வெள்ளை அணுக்களின் வேகத்தைத் தணித்து, அவற்றை அடக்கிவைக்கும் டி-அணுக்களுக்குக் கைகொடுக்கிறது.

ஹஷிமோட்டோ நோயாளிகள் பலரிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குறைவினால் நோய் வந்ததா, நோயினால் குறைவு வந்ததா என்பதை அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த 'வைட்டல்' ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் 22 சதவீதம் குறைவாக வந்தன. அது பல நோய்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு. தைராய்டைப் பற்றி மட்டும் உறுதியான தீர்ப்பு எதையும் அது தரவில்லை. ஏற்கெனவே சிதைந்த சுரப்பியை இந்த மாத்திரை மீட்டுத் தரும் என்பதற்கும் அது சான்று அல்ல.

ஆகவே, ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் ஈடுசெய்யுங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வைட்டமின் டியை நம்பி, தைராய்டு குறைபாட்டுக்கு எடுக்கும் தைராக்சின் மாத்திரையை நிறுத்தவே கூடாது. வைட்டமின் டியோடு கால்சியமும் கலந்த மாத்திரை என்றால், தைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம், தைராக்சினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.